பிரிட்ஜ்வாட்டர் கார்னிவல்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்மேற்கில், சாமர்செட் மாவட்டத்தில், பாரெட் என்ற சேற்று நிற ஆற்றின் கரையில் பிரிட்ஜ்வாட்டர் என்று ஒரு ஊர் இருக்கிறது. 40 ஆயிரம் பேர் வாழும் சாதாரண ஊர். ஒரு காலத்தில் செங்கலுக்கும் ஓட்டுக்கும் பெயர் போனது. நவம்பரில் ஒரு ராத்திரி மட்டும், கார்னிவல் என்கிற விளக்கு வண்டி ஊர்வலத்தைப் பார்க்க, ஊரின் ஜனத்தொகையைப் போல இரண்டு மூன்று மடங்கு கூட்டம் அங்கே வந்து நிற்கும்.

நான் திருவாரூர்க்காரன். பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்தேன். வந்த இடத்தில் ஒரு கார்னிவல் கிளப்பில் தன்னார்வலனாக மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு வருஷமும் வாட்ஸாப்பில் படம் போட்டவுடன் சொந்தக்காரர்களும் நண்பர்களும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கார்னிவல் என்றால் பிரேசிலில் இறகு கட்டிக்கொண்டு ஆடுவார்களே, அதுவா?

இல்லை. ரியோவில் நடப்பது கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு முன்னால், பிப்ரவரி மார்ச் வாக்கில், அந்த ஊர் வெயிலில் நடப்பது. இது நவம்பர் குளிரில், பெரும்பாலும் தூறலில், இருட்டிய பிறகு நடப்பது. இறகு கட்டிக்கொண்டு ஆடுகிறவர்கள் இங்கேயும் உண்டு. ஆனால் அந்த இறகுக்கு அடியில் இரண்டு அடுக்கு தெர்மல் உடை இருக்கும்.

இதன் வேர் வேறு. 1605 நவம்பர் 5 அன்று லண்டனில் நாடாளுமன்றத்தை மன்னர் முதலாம் ஜேம்ஸோடு சேர்த்து வெடிமருந்து வைத்துத் தகர்க்கத் திட்டமிட்ட கை ஃபாக்ஸ் பிடிபட்டார். மன்னர் தப்பியதற்கு நாடே ஆண்டுதோறும் நன்றி சொல்ல வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். அது 1859 வரை அமலில் இருந்தது. சட்டம் போய்விட்டது, தீ மூட்டும் பழக்கம் போகவில்லை. இன்றும் நவம்பர் 5 அன்று இங்கிலாந்து முழுக்க சொக்கப்பனை மாதிரி நெருப்பு மூட்டி வாணம் விடுகிறார்கள். பிரிட்ஜ்வாட்டரில் அந்த நெருப்பு ஊர்வலமாக வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

எல்லா ஊரிலும் நெருப்போடு நின்றது, இங்கே மட்டும் ஏன் வளர்ந்தது?

அன்றைக்கு இந்த ஊர் புராட்டஸ்டண்டு பிடிப்பு உள்ள ஊர். சதித் திட்டத்தின் மூளை என்று எதிர்த் தரப்பு குற்றம் சாட்டிய ராபர்ட் பார்சன்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் பிறந்தது பக்கத்து ஊரான நெதர் ஸ்டோவியில். அந்த ஆத்திரமும் ஒரு காரணம் என்று சொல்வார்கள்.

என்னைக் கேட்டால் பெரிய காரணம் ஆறுதான். இது துறைமுக ஊர். பழைய மரப் படகுகளுக்குப் பஞ்சமில்லை. கார்ன்ஹில் என்கிற கடைத்தெரு மையத்தில் ஒரு முழுப் படகைக் கொண்டுவந்து வைத்து, அதில் தார் பீப்பாய்களை அடுக்கிக் கொளுத்துவார்கள். தெருவுக்குத் தெரு ஒரு கும்பல் வேஷம் கட்டிக்கொண்டு, தங்கள் கொடும்பாவியைத் தூக்கிக்கொண்டு அந்த நெருப்பை நோக்கி ஊர்வலமாக வரும். 1880-ல் தீயை அணைக்கப் போய்க் கலவரமே ஆகிவிட்டது. இனி இதை ஒழுங்காக நடத்துவோம் என்று ஊர்க்காரர்கள் கூடி, 1881-ல் முறைப்படியான ஊர்வலத்தை நடத்தினார்கள். படகு எரிப்பது 1920-கள் வரை தொடர்ந்தது. பிறகு எரிக்க மரப் படகு கிடைக்கவில்லை. நெருப்பு போய் ஊர்வலம் மட்டும் நிலைத்தது. உலகப் போர்க் காலத்திலும், 2020-ல் கொரோனாவிலும் நிறுத்தினார்கள். மற்றபடி மழையோ புயலோ கிளம்பிவிடும்.

படத்தில் இருப்பது லாரியா, ரயிலா, கட்டடமா?

கார்ட். இங்கே அதற்கு அதுதான் பெயர். அகராதியில் உள்ள ஃப்ளோட் என்ற ஆங்கிலச் சொல்லைச் சொன்னால் வெளியூர்க்காரன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

பெரிய கார்ட் ஒன்று 100 அடி நீளம், 16 அடி உயரம், 11 அடி அகலம் வரை இருக்கும். எங்கள் ஊர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம். அதை அப்படியே படுக்கப் போட்டு, உடம்பெல்லாம் பல்பு செருகி, டிராக்டரில் கட்டி இழுத்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய கார்ட்டில் 20 ஆயிரம் பல்புகளுக்கு மேல் இருக்கும். அத்தனைக்கும் மின்சாரம் தர, பின்னாலேயே ஒரு டீசல் ஜெனரேட்டர் வரும். ஒரு சின்னத் தெருவுக்கே கொடுக்கிற அளவு மின்சாரம்.

கார்ட் உங்களைக் கடக்கும்போது முதலில் தெரிவது வெளிச்சம் இல்லை, சூடு. குளிரில் இரண்டு மணி நேரமாக நின்று விறைத்துப் போன முகத்தில் அடுப்படிக் கதவைத் திறந்தது போல ஒரு வெக்கை அடிக்கும். பிறகுதான் பாட்டு. நெஞ்செலும்பு அதிரும். அப்புறம் வண்டி போய்விடும், டீசல் வாசனை மட்டும் நிற்கும். இப்போது சில கிளப்புகள் எல்இடிக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. செலவு குறைவு, ஜெனரேட்டருக்கும் சுமை குறைவு. ஆனால் அந்த வெக்கை வராது. பழைய ஆட்கள் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும்.

இதையெல்லாம் செய்வது எந்தக் கம்பெனி? நகராட்சியா?

இரண்டும் இல்லை. கேட்கிற எல்லோரும் நம்ப மறுக்கிற பதில் இதுதான்.

கார்ட் கட்டுவது கார்னிவல் கிளப்புகள். ஒவ்வொன்றும் சில பத்துப் பேர் சேர்ந்தது. பல கிளப்புகள் ஏதோ ஒரு பப்பில் ஒரே மேஜையில் உட்கார்ந்து குடித்த கூட்டத்திலிருந்து பிறந்தவை. கிரெம்லின்ஸ், பிரிட்டிஷ் ஃப்ளாக், மார்க்கெட்டியர்ஸ், ராம்ப்ளர்ஸ், வேகபாண்ட்ஸ் என்று பெயர்கள். கேட்டால் கால்பந்து அணி மாதிரி இருக்கும், விசுவாசமும் அப்படித்தான். அப்பா எந்த கிளப்போ பிள்ளையும் அந்த கிளப். மாப்பிள்ளை வேறு கிளப்பாக இருந்தால் கிறிஸ்துமஸ் விருந்தில் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள்.

யாருக்கும் சம்பளம் கிடையாது. வெல்டர், எலக்ட்ரீஷியன், தச்சர், பெயிண்டர், தையல்காரர், டிராக்டர் ஓட்டும் விவசாயி எல்லோரும் தங்கள் வேலை முடிந்து வந்து இலவசமாகச் செய்கிறவர்கள். ஊர்வலத்தை நடத்தும் கமிட்டியும் அப்படியே. சாலை மறிப்பு, காப்பீடு, முதலுதவி, போலீசோடு கூட்டம், குப்பை என்று வருஷம் முழுக்க அலைகிறார்கள். பகலில் அவர்களில் ஒருவர் கடை வைத்திருப்பார், ஒருவர் ஓய்வு பெற்றிருப்பார்.

வேலை நடக்கிற இடம் ஷெட். ஊருக்கு வெளியே தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. வெளியிலிருந்து பார்த்தால் நெல் குடோன் மாதிரி இருக்கும். செவ்வாய், வியாழன் சாயங்காலமும் ஞாயிறு காலையும் ஆள் இருக்கும். செப்டம்பர் வந்துவிட்டால் தினமும். உள்ளே ஒரு மூலையில் கெட்டில், உடைந்த சோபா, பிஸ்கட் டின். கார்னிவல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு ராத்திரியை. ஷெட்டில் இரண்டு வருஷம் இருந்த பிறகு அப்படி நினைக்கவில்லை. மனைவி இறந்த ஒரு பெரியவர் அங்கே வருவார். பெரிதாக வேலை எதுவும் செய்ய மாட்டார். ஸ்க்ரூக்களை அளவு வாரியாக டப்பாக்களில் பிரித்து வைப்பார். அவர் ஒரு வாரம் வராவிட்டால் யாராவது வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். ராத்திரி முழுக்க எரிகிற அத்தனை பல்பும் இந்த ஷெட்டைத் திறந்து வைப்பதற்கான சாக்கு என்று எனக்குப் படுகிறது. கிளப்பில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

சரி, உனக்கு அங்கே என்ன வேலை?

பல்பு. புதிதாக வருகிறவனுக்கு முதலில் தருவது அதுதான்.

கோடையில் நாலைந்து பேர் நீளமான மேஜையில் உட்காருவோம். போன வருஷத்து பல்புகள் பெட்டி பெட்டியாக இருக்கும். ஒவ்வொன்றையும் காதருகில் வைத்து லேசாக ஆட்ட வேண்டும். உள்ளே கிலுகிலு என்று சத்தம் வந்தால் இழை அறுந்துவிட்டது, தூக்கிப் போடு. சத்தம் வராவிட்டால் மேஜையில் பதித்த ஹோல்டரில் செருகி, எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரிந்தால் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு தலையை லாக்கர் என்கிற வண்ணப் பூச்சில் முக்கி, சொட்டு விழாமல் ஒரு சுழற்றுச் சுழற்றி, ஆணி அடித்த பலகையில் மாட்ட வேண்டும். அந்தச் சுழற்றல்தான் வித்தை. நான் முக்கிய முதல் 50 பல்புகளிலும் அடியில் ஒரு துளி கண்ணீர் மாதிரி காய்ந்து தொங்கியது. எனக்குச் சொல்லிக்கொடுத்த அம்மாளுக்கு 70 வயது இருக்கும். ஒன்றும் சொல்லவில்லை. அந்த 50-ஐயும் கார்ட்டின் மேல் பகுதிக்கு என்று எழுதித் தனியாக வைத்தார். அவ்வளவு உயரத்தில் யாருக்கும் தெரியாதாம்.

அந்த மேஜையில்தான் இந்த ஊர்ப் பேச்சு எனக்குப் பழகியது. கை வேலையாக இருந்தால் வாய் தானாகத் திறக்கும் என்பது எல்லா ஊருக்கும் பொது. எங்கள் வீட்டுத் திண்ணையில் கொத்தவரங்காய் நறுக்கும்போது நடக்கிற பேச்சுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மேலே நிற்பவை சிலைகளா, ஆட்களா? ஒரு படத்தில் அசையவே இல்லையே?

ஆட்கள். அது டாப்லோ வகை. கார்ட்டுகளில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்றில் எல்லோரும் ஆடுவார்கள். சக்கரங்கள் சுழலும், மேடைகள் ஏறி இறங்கும், இயந்திரம் எல்லாம் பழைய லாரி பாகங்களிலிருந்து ஷெட்டிலேயே செய்தது. டாப்லோவில் யாரும் அசையக் கூடாது. போர்க்களமோ கப்பல் மூழ்குவதோ, ஒரு கணம் உறைந்த மாதிரி நிற்க வேண்டும். அதுவும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, கையில் வாளோடு, இரண்டு மணி நேரம். நம்மூர் கொலுவுக்கு உயிர் வந்து, வந்த உயிர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி.

உடைக்குள்ளே இரும்புச் சட்டம் ஒன்று இடுப்பைத் தாங்கும்படி வைத்திருப்பார்கள். அது இருந்தாலும் மூக்கு ஒழுகுவதைத் தடுக்க முடியாது. ஒரு வருஷம் எங்கள் கார்ட்டில் தேவதையாக நின்ற பெண்ணின் மூக்கு நுனியில் ஒரு சொட்டு திரண்டு, தெரு விளக்கு ஒவ்வொன்றையும் கடக்கும்போது மின்னிக்கொண்டே வந்தது. கூட்டத்தில் குழந்தைகள் முழுக்க அதைத்தான் பார்த்தார்கள். விழுமா விழாதா என்று பந்தயம் வேறு. அவள் கடைசி வரை அசையவில்லை. ஊர்வலம் முடிந்து விளக்கை அணைத்தவுடன் முதலில் கேட்டது கைக்குட்டை.

நடந்து போகும் வேஷக்காரர்களும் உண்டு. தனியாள், ஜோடி, கும்பல் என்று பிரிவுகள். எனக்குப் பிடித்தது இவர்களைத்தான். டிராக்டரும் ஜெனரேட்டரும் இல்லாமல் ஒரு அட்டைப் பெட்டியையும் ஒரு நல்ல யோசனையையும் வைத்துக்கொண்டு கூட்டத்தைச் சிரிக்க வைப்பவர்கள். பழைய கொடும்பாவி ஊர்வலத்தின் நேர் வாரிசும் இவர்கள்தான்.

கடைசியில் வரிசையாக நின்று தலைக்கு மேல் நெருப்பு மழை விட்டுக்கொள்கிறார்களே, அது பாதுகாப்பா?

அதுதான் ஸ்குவிபிங். ஊர்வலம் முடிந்த பிறகு ஹை ஸ்ட்ரீட்டில் நடக்கும். எங்கும் பார்க்க முடியாத காட்சி, இதற்காகவே வருகிறவர்கள் உண்டு.

ஸ்குவிப் என்பது நம் புஸ்வாணத்தின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் வைப்பதில்லை. காஷ் என்கிற நீளமான கம்பு இருக்கும், அதன் தலையில் ஒரு மரக்கட்டை. ஸ்குவிபை அந்தக் கட்டையில் கட்டுவார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தெருவின் நடுவில் வரிசையாக நிற்பார்கள். தீப்பந்தத்தால் பற்ற வைத்ததும் எல்லோரும் கம்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார்கள். ஒரு நிமிஷத்துக்குள் தெரு முழுக்கப் பொன் நிறத்தில் ஒரு கூரை எழும்பும். கூரையின் பொறிகள் எல்லாம் தூக்கிப் பிடித்தவர்கள் தோளில்தான் விழும். கடைசியில் வேட்டுச் சத்தம். பிறகு புகை. புகை கலையும்போது கைதட்டல்.

தொப்பி, கண்ணாடி, தடித்த கோட்டு எல்லாம் போட்டுத்தான் நிற்பார்கள். ஆனாலும் கோட்டில் ஓட்டை விழும். அந்த ஓட்டைக் கோட்டை வருஷா வருஷம் அதே ஆள் போட்டுக்கொண்டு வருவார், புதிது வாங்க மாட்டார். ஒரு காலத்தில் ஸ்குவிபை வீடுகளிலேயே மருந்து இடித்துச் செய்தார்களாம். சிவகாசிப் பக்கம் உறவுள்ள எனக்கு அதைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. இப்போது உரிமம் பெற்றவர்கள் முறைப்படி செய்து தருகிறார்கள்.

நீ ஸ்குவிப் பிடித்திருக்கிறாயா?

இல்லை. கேட்டார்கள். வீட்டில் விடவில்லை.

காசு எங்கிருந்து வருகிறது?

இரண்டு காசு, குழப்பிக்கொள்ளாதீர்கள். கார்ட் கட்டுகிற காசு கிளப் தேடுகிற காசு. இரும்பு, ப்ளைவுட், துணி, பெயிண்ட், டீசல், ஷெட் வாடகை, காப்பீடு. பெரிய கார்ட் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு போகும். இதற்காக வருஷம் முழுக்க பிங்கோ, பழைய சாமான் விற்பனை, வினாடி வினா, ஸ்கிட்டில்ஸ் போட்டி நடத்துவார்கள். ஸ்கிட்டில்ஸ் என்பது பப்பின் பின்கட்டில் மரப் பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம், சாமர்செட்காரர்களின் உயிர். உள்ளூர்க் கடைக்காரர்களும் கொஞ்சம் கொடுப்பார்கள். கார்னிவலுக்கு முந்தைய வாரங்களில் கிளப்புகள் டவுன் ஹால் மேடையில் நாடகமும் ஆட்டமும் பாட்டுமாக நிகழ்ச்சி போடுவார்கள். அதற்கு டிக்கெட் உண்டு. தாடி வைத்த வெல்டர்கள் பாவாடை கட்டிக்கொண்டு ஆடுவதைப் பார்க்க ஊரே முண்டியடிக்கும்.

ஊர்வலத்தின்போது தெருவில் வாளி ஏந்தி வசூலிக்கிற காசு வேறு. அது உள்ளூர்த் தொண்டு அமைப்புகளுக்குப் போகும். தெருவில் நின்று பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது, அதனால் வாளி வரும்போது பார்வையை எங்கேயோ திருப்பிக்கொள்ளாதீர்கள். வாளி ஏந்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், எல்லாம் தெரியும்.

ஒரே ராத்திரிக்காகவா இத்தனையும்?

பிரிட்ஜ்வாட்டரில் ஒரே ராத்திரி. ஆனால் அதே கார்ட்டுகள் அடுத்த இரண்டு வாரத்தில் பர்ன்ஹம்-ஆன்-சீ, நார்த் பெதர்டன், ஷெப்டன் மாலெட், வெல்ஸ், கிளாஸ்டன்பரி என்று சாமர்செட்டின் மற்ற ஊர்களுக்கும் போகும். பிரிட்ஜ்வாட்டர்தான் முதல். ஒவ்வொரு ஊரிலும் நடுவர்கள், கோப்பைகள். ராத்திரியோடு ராத்திரியாக, கிராமத்துச் சாலையில் டிராக்டர் வேகத்தில், விளக்கை அணைத்துக்கொண்டு அந்தப் பூதங்கள் வரிசையாகப் போவதைப் பார்க்க வேண்டும். எனக்கு ஊர்வலத்தைவிட அதுதான் மனதில் நிற்கிறது. ஒரு வளைவில் திரும்ப 20 நிமிஷம் ஆகும். யாராவது வீட்டுக்காரர் நைட்டியோடு வாசலுக்கு வந்து, தன் வேலியைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம் என்று சொல்லுவார். தேர் முட்டுக்கட்டை போடுகிறவர்களின் முகம்தான் அந்த முகம்.

இரண்டு வாரம் முடிவதற்குள் பாதிப் பேருக்கு ஜலதோஷம், மீதிப் பேருக்கு வேலையில் எச்சரிக்கைக் கடிதம்.

கத்தோலிக்கர்களுக்கு எதிரான விழா என்கிறார்களே?

பிறந்தது அப்படித்தான், மறைக்க ஒன்றுமில்லை. இப்போது பிரிட்ஜ்வாட்டரில் அந்த நெடி இல்லை. கத்தோலிக்கர்களும் கிளப்புகளில் இருக்கிறார்கள். ஊர்வலத்தில் வருவது சினிமா, கதை, கடற்கொள்ளையர், டைனோசர். கை ஃபாக்ஸ் யார் என்று கார்ட்டில் ஆடும் பிள்ளைகளைக் கேட்டால் பாதிக்குத் தெரியாது. பழைய பகையின் சாயலைப் பார்க்க வேண்டுமென்றால் தென்கிழக்கில் லூயிஸ் என்ற ஊருக்குப் போக வேண்டும்.

வெள்ளைக்காரர்கள் இந்தியா என்று வேஷம் போட்டதைப் பார்த்தேன். உனக்குக் கோபம் வரவில்லையா?

முதல் தடவை நெளிந்தேன். யானை, அரண்மனை, பொட்டு, ராஜஸ்தான் தலைப்பாகைக்குக் கீழே கதக்களி முகம், பாட்டு பஞ்சாபி. கேலி செய்யவில்லை, ஆசையாகத்தான் செய்கிறார்கள், ஆனால் யாரையும் கேட்காமல் செய்கிறார்கள். மற்ற இனத்தவர் போலத் தோலுக்கு நிறம் பூசிக்கொள்வது பற்றி இங்கேயும் வாக்குவாதம் நடந்திருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. என்னைக் கேட்டவர்களிடம் அப்படியே சொன்னேன், காது கொடுத்துக் கேட்டார்கள். ஷெட்டில் உட்கார்ந்து பல்பு முக்குகிறவன் சொன்னால் கேட்பார்கள். வெளியிலிருந்து திட்டினால் கேட்க மாட்டார்கள். இது சரியா தவறா என்பது வேறு விஷயம், நடைமுறை இதுதான்.

வருஷா வருஷம் சுருங்கிக்கொண்டு வருகிறதாமே? இன்னும் எத்தனை நாள் ஓடும்?

சுருங்குகிறது. பழைய ஆட்கள் முன்பு கார்ட்டும் வேஷக்காரர்களுமாக நூற்றுக்கு மேல் போகும், பார்த்து முடிக்கவே நள்ளிரவாகும் என்பார்கள். அதில் கொஞ்சம் பழம்பெருமை கலந்திருந்தாலும், இப்போதைய வரிசை குட்டை என்பது உண்மை. கிளப்புகள் மூடப்படுகின்றன, இல்லாவிட்டால் இரண்டு கிளப்புகள் சேர்ந்து ஒன்றாகின்றன. பெரிய கார்ட் கட்டியவர்கள் சின்னதுக்கு இறங்குகிறார்கள்.

எல்லோரும் உடனே காசைக் குறை சொல்வார்கள். டீசல், இரும்பு, காப்பீடு எல்லாம் ஏறியது நிஜம். ஷெட்டுக்கு இடம் கிடைப்பது அதைவிடப் பெரிய தலைவலி. அந்த நீளத்துக்கு வாசல் உள்ள கொட்டகையை விட்டுக்கொடுக்கிற விவசாயி இன்று கிடைப்பதில்லை, அந்த நிலத்தில் குடோனோ வீடுகளோ வந்துவிடுகின்றன. ஆனால் நான் பார்த்த வரை முதலில் தீர்ந்து போவது கை. வெல்டிங் தெரிந்தவர்கள் ஊரில் இல்லாமல் இல்லை. பக்கத்தில் ஹிங்க்லி பாயிண்டில் புதிய அணுமின் நிலையம் கட்டுகிறார்கள், ஊரில் பாதி வெல்டர்கள் அங்கேதான். நல்ல சம்பளம், மாறி மாறி வரும் ஷிஃப்ட். நாள் முழுக்க அங்கே வெல்டிங் செய்துவிட்டு ராத்திரி இங்கே வந்து சும்மா வெல்டிங் செய் என்றால் எத்தனை பேர் வருவார்கள்? பிள்ளைகள் 18 வயதில் படிக்கப் பிரிஸ்டலுக்கோ கார்டிஃபுக்கோ போகிறார்கள். திரும்பி வருவது பாதி.

எங்கள் கிளப்பில் ஒரு வருஷம் கார்ட் கிளம்பவே இல்லை. மின் இணைப்பு முழுக்க ஒரே ஆளின் தலைக்குள் இருந்தது. எந்தக் கம்பி எங்கே போகிறது என்பதற்கு வரைபடம் கிடையாது. அக்டோபரில் அவருக்கு இருதய அறுவை சிகிச்சை. நாங்கள் மூன்று பேர் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கே போனோம். அவர் படுத்தபடியே, கண்ணை மூடிக்கொண்டு, முன்பக்கத்திலிருந்து ஆரம்பித்துச் சொல்லிக்கொண்டே வந்தார். பாதி வண்டி வந்தபோது நர்ஸ் வந்து எங்களை வெளியே அனுப்பிவிட்டார். அந்த வருஷம் பாதி வண்டியில்தான் விளக்கு எரிந்தது. எரியாத பாதியோடு போக முடியாது என்று ஷெட்டிலேயே நிறுத்திவிட்டோம். ஊர்வலத்தன்று எல்லோரும் வாளி ஏந்தப் போனோம்.

இப்போது எங்களிடம் வரைபடம் இருக்கிறது. நான்தான் வரைந்தேன், பிளாஸ்டிக் உறை போட்டுக் கெட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். எத்தனை நாள் ஓடும் என்று கேட்டால், அந்த மாதிரி வரைபடம் எத்தனை கிளப்பில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பார்க்க வர வேண்டும். எப்போது, எப்படி?

முன்பெல்லாம் வியாழக்கிழமை நடந்தது, பிறகு வெள்ளியானது, இப்போது நவம்பர் முதல் சனிக்கிழமை. செப்டம்பர் கடைசியில் இதே ஊரில் செயின்ட் மாத்யூ சந்தை என்று நாலு நாள் பெரிய சந்தை நடக்கும். ராட்டினம், பஞ்சு மிட்டாய் எல்லாம் இருக்கும், ஆனால் அது வேறு. அதற்கு டிக்கெட் எடுத்துவிட்டு என்னைத் திட்டியவர்கள் உண்டு.

ரயில் நிலையம் இருக்கிறது, பிரிஸ்டலுக்கும் டான்டனுக்கும் நடுவில். காரில் வந்தால் எம்5 நெடுஞ்சாலையில் 23 அல்லது 24-வது சந்திப்பு. மத்தியானத்திலிருந்தே சாலைகளை மூடத் தொடங்குவார்கள், அதனால் நாலு மணிக்குள் ஊருக்குள் இருங்கள். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஏழு மணிவாக்கில் ஊர்வலம், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஸ்குவிபிங் பார்க்க வேண்டுமென்றால் ஹை ஸ்ட்ரீட்டில் முன்கூட்டியே இடம் பிடியுங்கள். நைலான் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ரொம்ப முன்னால் நிற்காதீர்கள். இரண்டு சாக்ஸ். சின்னக் குழந்தை என்றால் காதுக்கு ஏதாவது. சாப்பாடு தெருவிலேயே கிடைக்கும், ஆனால் கழிப்பறை வரிசை நீளம், தேநீரைப் பார்த்துக் குடியுங்கள்.

நம்மாட்கள் கிளப்பில் சேரலாமா?

தாராளமாக. இங்கே நர்ஸாகவும் முதியோர் இல்லத்திலும் வேலை பார்க்கிற நம்மூர்ப் பெண்கள் பலர் இருக்கிறார்கள். கிளப்பில் சேர ஏதோ தகுதி வேண்டும் என்று நினைத்து ஒதுங்கி நிற்கிறார்கள். ஒன்றும் வேண்டாம். ஷெட் திறந்திருக்கிற நாளில் போய்க் கதவைத் தட்டி, என்ன செய்யட்டும் என்று கேட்டால் போதும். முதல் கேள்வி டீக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்பதாகத்தான் இருக்கும். தைக்கத் தெரிந்தால் உங்களைத் திரும்பப் போக விட மாட்டார்கள்.

நவம்பர் முடிந்ததும் கார்ட்டை என்ன செய்வீர்கள்?

பிரித்துவிடுவோம். பத்து மாதம் செய்ததைப் பிரிக்கப் பத்து நாள்கூட ஆகாது. அடுத்த வருஷம் வேறு கதை, வேறு உருவம். சில சிலைகளை யாராவது வாங்கிப் போவார்கள். எங்கள் டிராகனின் தலை இப்போது ஒரு விவசாயியின் கோழிக் கூண்டுக்குக் காவல். இரும்பைத் திரும்பப் பயன்படுத்துவோம், ப்ளைவுட்டில் நல்லதைப் பொறுக்குவோம்.

பல்பு மட்டும் ஒன்றுவிடாமல் கழற்ற வேண்டும். 20 ஆயிரமும் கையால். போன டிசம்பரில் ஏணி போட்டு மேல் வரிசையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அடியில் கண்ணீர்த் துளி காய்ந்த ஒரு சிவப்பு பல்பு கையில் வந்தது. காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. பெட்டியில் போட்டேன்.